ஊர் அழுகிற சீன்

சிற்றூர் ஒன்று, அங்கே ஒரு பள்ளிக்கூடம், பதின்வயதுப் பிள்ளைகள், ஒரு கொலை, அதன் நடுவே சிரிப்பு. இப்படியொரு ஒன்லைன் கதை விவாத அறைக்குள் வந்தால் முதல் ஒரு வாரம் பேச்செல்லாம் கொலைகாரனைச் சுற்றியே ஓடும். யார் அவன், என்ன முகமூடி, என்ன ஆயுதம், இடைவேளையில் யார் மேல் சந்தேகத்தைத் திருப்புவது, கிளைமாக்ஸில் எந்த முடிச்சை அவிழ்ப்பது. பல பத்தாண்டுகளாக இந்த அறைகளில்தான் என் பிழைப்பு. மற்றவர்கள் எழுதிய திரைக்கதையைப் படித்து, எங்கே தொய்கிறது, எங்கே பொய்யாகிறது என்று சொல்வது வேலை. அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை இங்கே வாதமாக வைக்கிறேன். இந்த வகைக் கதையில் முதலில் எழுதி முடிக்க வேண்டியது இரங்கல் சீன். கொலை சீனைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது, யார் மேடையேறுகிறார், யார் நிஜமாக அழுகிறார், யாருக்கு அழும் உரிமை மறுக்கப்படுகிறது என்பதெல்லாம் முடிவாகிவிட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும் என்பதும் துப்பு எங்கே கிடக்கும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். அது முடிவாகாமல் எழுதப்பட்ட திரைக்கதை எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ட்விஸ்ட் வைத்தாலும் நிற்பதில்லை.

நம் தொழிலின் பழைய பழக்கம் ஒன்று இதற்குக் குறுக்கே நிற்கிறது. தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் நகைச்சுவை என்பது தனி டிராக். மையக் கதையை ஒருவர் எழுதுவார், காமெடியை வேறொருவர் எழுதிக் கொடுப்பார், இரண்டும் எடிட்டிங் மேசையில்தான் சந்திக்கும். அந்த ஏற்பாட்டில் அருமையான நகைச்சுவைகள் பிறந்திருக்கின்றன, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொலையும் சிரிப்பும் ஒரே சீனுக்குள் இருந்தாக வேண்டிய கதைக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. டிராக் பழக்கத்தில் வளர்ந்த கை, சிரிப்பைத் தேடும்போது கொலைகாரன் வாயில் பஞ்ச் வைக்கும், அல்லது பிணத்தை வைத்து விளையாடும். இரண்டும் ஒரு தடவை சிரிப்பைத் தரும். மூன்றாவது பிணம் விழும்போது பார்வையாளருக்கு யார் செத்தாலும் ஒன்றுதான் என்றாகிவிடும், அதற்குப் பிறகு துப்பறிவதற்கும் காரணம் இருக்காது. இந்த வகையைக் கட்டியெழுப்பிய அமெரிக்கப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், சிரிப்பை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது தெளிவாகவே தெரிகிறது.

வேரைத் தேடிப் போனால் 1943இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' படத்தில் போய் நிற்பேன். கலிபோர்னியாவின் சான்டா ரோசா அப்போது அமைதியான சிற்றூர், படம் அங்கேயே எடுக்கப்பட்டது. திரைக்கதையில் பங்காற்றியவர்களில் ஒருவர் தோர்ன்டன் வைல்டர், சிற்றூர் வாழ்வை மேடையில் வைத்துப் பெயர் வாங்கிய நாடகாசிரியர். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சலிப்போடு இருக்கும் சார்லி என்ற பெண்ணுக்குத் தாய்மாமன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மாமன் ஊருக்கு வருகிறான். அவன் பணக்கார விதவைகளைக் கொன்று பணம் பறித்தவன் என்பது, அவன் பரிசளித்த மரகத மோதிரத்தின் உட்புறம் வேறு யாருடையவோ பெயரெழுத்துகள் இருப்பதில் தொடங்கி அவளுக்குத் தெரியவருகிறது. படத்தின் சிரிப்பு முழுவதும் அவளுடைய அப்பா ஜோவிடமும் பக்கத்து வீட்டு ஹெர்பிடமும் இருக்கிறது. இருவரும் கொலைக்கதைப் பைத்தியங்கள், சிக்காமல் ஒருவரையொருவர் எப்படிக் கொல்லலாம் என்பதே அவர்களுடைய பொழுதுபோக்குப் பேச்சு. உன் காபியில் கொஞ்சம் சோடா உப்பு போட்டேன், நீ கண்டுபிடிக்கவே இல்லை, அது விஷமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹெர்ப் பெருமையடித்துக்கொள்கிறார். அதே வீட்டில் நிஜமான கொலைகாரன் விருந்தாளியாக இருக்கிறான், இருவருக்கும் அது தெரியவில்லை. போலீஸ் தேடிய இன்னொரு ஆள் நாட்டின் மறுகோடியில் தப்பியோடும்போது விமானச் சுழலியில் சிக்கிச் செத்துவிட, பழி அவன் தலையில் விழுந்து விசாரணை முடிகிறது. அந்தச் செய்தியையும் ஹெர்ப் ருசித்துத்தான் சொல்கிறார். கடைசியில் மாமன் ரயிலிலிருந்து விழுந்து சாகிறான். ஊரே திரண்டு அவனைப் புகழ்ந்து வழியனுப்புகிறது. தேவாலய வாசலில் நிற்கும் சார்லிக்கும் ஒரு துப்பறிவாளருக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். அந்தப் புகழுரை காதில் விழுந்துகொண்டிருக்க, அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். இந்த வகைக்குத் தேவையான அத்தனையும் இங்கேயே இருக்கிறது: கொலையைப் பேச்சாக மட்டும் அறிந்த பெரியவர்கள், உண்மையைத் தெரிந்துகொண்ட ஒரு சிறு பெண், தவறான ஆளைப் புகழும் ஊர், தவறான ஆள் மேல் விழுந்த பழி.

நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 1989இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'ஹெதர்ஸ்' இதே பொருளை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்தது. டேனியல் வாட்டர்ஸ் எழுதி மைக்கேல் லேமன் இயக்கிய படம், வினோனா ரைடரும் கிறிஸ்டியன் ஸ்லேட்டரும் நடித்தது. ஓஹையோ மாநிலத்தில் ஷெர்வுட் என்ற ஊர். பள்ளியை ஆட்டிவைக்கும் மூன்று ஹெதர்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வெரோனிகா, புதிதாக வந்து சேரும் ஜேடி. முதல் ஹெதர் செத்ததும் வெரோனிகா அவள் கையெழுத்தில் ஒரு தற்கொலைக் கடிதம் எழுதி வைக்கிறாள். வெரோனிகாவுக்கு யார் கையெழுத்தையும் போடத் தெரியும் என்பதை மதிய உணவுக் கூடக் காட்சியிலேயே, ஒரு அப்பாவிப் பெண்ணை அவமானப்படுத்தும் போலிக் கடிதத்தின் வழியாகக் காட்டிவிடுகிறார்கள். துப்பை இப்படி விதைப்பதைத் தொழில்நுட்பமாகப் பாராட்டலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்து வரும் ஆசிரியர் கூட்டம். மாணவி இறந்ததற்கு எவ்வளவு நேரம் பள்ளிக்கு விடுமுறை விடுவது என்று முதல்வர் கணக்குப் பார்க்கிறார், சியர்லீடராக இருந்தால் அரை நாள் விடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது. கடிதத்தில் ஒரு கடினமான சொல்லை அந்தப் பெண் சரியாகப் பயன்படுத்தியிருப்பதை ஓர் ஆசிரியர் வியக்கிறார். கொலையை மறைக்க எழுதிய போலிக் கடிதத்துக்கு மதிப்பெண் கிடைக்கிறது. அந்தச் சிரிப்பில் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. பெரியவர்கள் தங்கள் வேலையை முறையாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்த முறைமைக்குள் செத்த பெண்ணுக்கு இடமில்லை என்பதில் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் வலிக்கிறது.

அதே படத்தில் இரண்டு கால்பந்து வீரர்கள் சாகும்போது மர்மக் கதையின் இலக்கணமே ஊரின் மனத்துக்குள் எழுதப்படுவதைப் பார்க்கலாம். இருவரும் ஒருவரையொருவர் காதலித்துத் தற்கொலை செய்துகொண்டதாகக் காட்ட ஜேடி வைக்கும் சாட்சியங்களில் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலும் இருக்கிறது. அதைக் கண்டதும் போலீஸ்காரர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை, ஓஹையோவில் பீர் குடிக்காத ஆண்பிள்ளை என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். துப்பறியும் கதையில் தடயத்தைத் தவறாகப் படிப்பவர் முட்டாளாக இருப்பார். இங்கே தடயத்தைத் தவறாகப் படிப்பது ஊரின் தப்பெண்ணம், அதைக் கொலைகாரன் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறான். பிறகு இறுதிச் சடங்கு. இறந்தவனின் தந்தை, தன் மகன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவனை நேசிப்பதாகச் சவப்பெட்டிக்கு முன்னால் உரக்கச் சொல்கிறார். உயிரோடு இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று ஜேடி காதோரம் கேட்க, வெரோனிகாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த நொடியில் முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் ஒரு சிறுமி திரும்பிப் பார்க்கிறாள். வெரோனிகாவின் முகம் அப்படியே விழுந்துவிடுகிறது. திரைக்கதை கற்க வருபவர்களுக்கு இந்த வகையில் ஒரே ஒரு காட்சியைக் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன். பார்வையாளரும் அவளோடு சிரித்துக்கொண்டிருந்தவர், அவளோடு சேர்ந்தே பிடிபடுகிறார். அந்தச் சிறுமிக்கு வசனம் கிடையாது. அவள் இல்லாவிட்டால் படம் வெறும் குரூரமாக முடிந்திருக்கும். நிஜமாக அழுகிற ஒரே ஒருவரை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான முடிவு என்று நான் சொல்வதற்கு ஆதாரம் அதுதான்.

மர்மக் கதை விரும்பிகள் இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வைத்திருக்கிறார்கள். 'ஹெதர்ஸ்' படத்தில் கொலைகாரன் யாரென்று நமக்கு முதலிலேயே தெரியும், அதனால் இரங்கலுக்கு இடமிருக்கிறது. யார் கொன்றது என்ற கேள்வி உயிரோடு இருக்கும் கதையில் இரங்கல் அலங்காரம்தானே, பார்வையாளர் காத்திருப்பது விடைக்குத்தானே என்பார்கள். அந்த மறுப்பைச் சோதிக்க 'ட்வின் பீக்ஸ்' தொடரைவிடப் பொருத்தமான சான்று இல்லை. டேவிட் லிஞ்சும் மார்க் ஃபிராஸ்டும் உருவாக்கிய தொடரின் முதல் பகுதி 1990 ஏப்ரல் 8இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கரையொதுங்குகிறது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தின் பெரும்பகுதி அழுகைக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. உடலைப் படமெடுக்க வேண்டிய துணைப் போலீஸ்காரர் ஆண்டி தேம்பித் தேம்பி அழுகிறார். வகுப்பறையில் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடுவதையும் காலியாக இருக்கும் நாற்காலியையும் பார்த்தே லாராவின் தோழி டோனாவுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்கும் முதல்வர் பாதியில் உடைந்துபோகிறார். பிறகு வரும் அடக்கத்தின்போது தந்தை சவப்பெட்டி மேலேயே விழ, அதைக் குழிக்குள் இறக்கும் இயந்திரம் கோளாறாகி அவரோடு சேர்ந்து மேலும் கீழும் ஏறியிறங்குகிறது. அடுத்து, உணவகத்தில் பணிப்பெண் ஷெல்லி அதை வாடிக்கையாளர்களுக்கு நடித்துக் காட்ட, எல்லோரும் சிரிக்கிறார்கள். துக்கம் ஒரே நாளில் ஊர்ப்பேச்சாக மாறுவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சி குறைவு.

கொலைகாரன் யாரென்று அந்தத் தொடர் 1990 நவம்பரில் வெளிப்படுத்தியது, தொலைக்காட்சியின் அழுத்தத்தால்தான். அதன் பிறகு பார்வையாளர் குறைந்து 1991இல் தொடர் நிறுத்தப்பட்டது. விடை தெரிந்துவிட்டதால் கதை செத்தது என்பதுதான் வழக்கமான விளக்கம், நம் விவாத அறைகளிலும் அதையே பாடமாகச் சொல்வார்கள்: முடிச்சைக் கடைசிவரை அவிழ்க்காதே. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கொலைகாரன் இறந்த பிறகு வரும் பகுதி ஒரு துக்க வீட்டில் தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் தட்டில் பலகாரத்தோடு நிற்கிறார்கள், வயதான மேயரும் அவர் சகோதரரும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அதை வேடிக்கைக் காட்சியாக எழுதியிருக்கிறார்கள். மகளையும் கணவனையும் இழந்த லாராவின் தாய் அதே வீட்டில் இருக்கிறாள், ஆனால் காட்சி அவளுடையதாக இல்லை. முதல் பருவத்தின் அடக்கத்தில் இருந்த சிரிப்பையும் இந்தத் துக்க வீட்டுச் சிரிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது தொலைந்தது என்று தெரியும். விடையோடு சேர்த்து லாராவையும் மறந்துவிட்டார்கள். யாரும் அழாத இடத்தில் சிரிப்புக்கும் வேலையில்லாமல் போயிற்று.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு படத்தையும் சொல்லியாக வேண்டும். ரையன் ஜான்சனின் 'பிரிக்' 2005இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது, ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் அவர் படித்த சான் கிளெமென்டே பள்ளியிலும் அந்த ஊரிலும் எடுக்கப்பட்டது. தன் முன்னாள் காதலியைக் கொன்றவனைத் தேடும் ஒரு மாணவன், பழைய துப்பறியும் படங்களின் பேச்சுவழக்கில் பேசுகிறான். இரங்கல் கூட்டம் என்று எதுவுமே இல்லை. பெரியவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. படம் அருமையாக நிற்கிறது. ஆனால் அது எப்படி நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். ஊரையே எடுத்துவிட்டு, அழுகிற பொறுப்பு முழுவதையும் அந்தப் பையன் ஒருவன் தோளில் வைத்துவிடுகிறார் இயக்குநர். அதனால் அது துயரக் கதையாகிவிடுகிறது, சிரிப்பு அங்கங்கே எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறது. அப்படி எட்டிப்பார்க்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் வந்தாக வேண்டியிருக்கிறது: ஊர் நடுங்கும் போதைப்பொருள் வியாபாரியின் வீட்டில், அடிபட்டு வந்திருக்கும் பையனுக்கு வியாபாரியின் அம்மா பரிவோடு ஆப்பிள் ஜூஸ் ஊற்றிக் கொடுக்கிறார். இந்த வகையின் இருண்ட நகைச்சுவையை நீக்கினால் என்ன மிஞ்சும் என்பதற்குத்தான் 'பிரிக்' சான்று, அது என் வாதத்தை உடைக்கவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் போகும் உரிமை யாருக்கும் இல்லை. பிள்ளைகளின் சாவை வைத்துச் சிரிக்கலாமா? சான்டா ரோசாவே இந்தக் கேள்வியைக் கேட்டது. ஹிட்ச்காக்குக்கு வாசல் திறந்துவிட்ட அந்த ஊரில், 1996இல் 'ஸ்க்ரீம்' குழு உயர்நிலைப் பள்ளியில் படமெடுக்க அனுமதி கேட்டது. திரைக்கதையைப் படித்த பள்ளி நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. பக்கத்து ஊரான பெடலுமாவில் 1993இல் ஒரு சிறுமி வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டிருந்தாள், அந்த வழக்கின் விசாரணை 1996இல்தான் நடந்துகொண்டிருந்தது. படக்குழு வேறு இடத்துக்குப் போய், படத்தின் முடிவில் அந்தக் குழுவுக்கு நன்றி கிடையாது என்றே எழுதிப் போட்டது. படம் எனக்குப் பிடிக்கும், அந்த வரி பிடிக்காது. அந்த ஊருக்கு அப்போது இருந்த காயம் நிஜமானது. கலையின் சுதந்திரம் என்ற ஒரு சொல்லால் அதைக் கடந்துவிட முடியாது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, 'ஸ்க்ரீம்' எழுதிய கெவின் வில்லியம்சன் இயக்கிய படத்தின் பெயரே 'கில்லிங் மிஸஸ் டிங்கிள்' என்பதிலிருந்து 'டீச்சிங் மிஸஸ் டிங்கிள்' என்று மாற்றப்பட்டது. 'ஹெதர்ஸ்' கதையை மறுபடி எடுத்த தொலைக்காட்சித் தொடர், 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு ஒத்திவைக்கப்பட்டு, அக்டோபரில் வெட்டப்பட்ட வடிவத்தில்தான் வந்தது.

ஆகவே தொடவே கூடாதா என்றால், தொடும் இடம் எது என்பதில்தான் பதில் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் பதின்வயதுத் தற்கொலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்ந்தபோது, அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1988இல் ஊர்களுக்கு ஒரு பரிந்துரை வெளியிட்டது. இறந்தவரைப் பெருமைப்படுத்தும் விதமாக எதையும் செய்ய வேண்டாம், பரபரப்பாக்க வேண்டாம் என்பது அதில் முக்கியமான அறிவுரை. 'ஹெதர்ஸ்' காட்டுவதும் இதே ஆபத்தைத்தான். இறந்த பிறகு அந்தக் கொடுமைக்காரப் பெண்ணுக்குக் கிடைக்கும் புகழைப் பார்த்து, பள்ளியில் எல்லோராலும் கேலி செய்யப்பட்ட மார்த்தா சாலையில் வாகனங்களுக்கு நடுவே போய் நிற்கிறாள். அவள் பிழைத்துக்கொள்கிறாள், பிழைத்ததற்கும் கேலிதான் கிடைக்கிறது. மருத்துவர்கள் எச்சரித்ததையே படம் கதையாகச் சொல்லியிருக்கிறது. சிரிப்பு பெரியவர்களின் மேடையில் விழும்போது சாவின் கனம் குறைவதில்லை. சாவின் மேலேயே விழும்போதுதான் அந்த நிர்வாகக் குழு பயந்தது நியாயமாகிறது. 'ஸ்க்ரீம்' இரண்டையும் செய்கிறது. பள்ளி முதல்வர் கோல் கம்பத்தில் தொங்குகிறார் என்ற செய்தி விருந்துக்கு வந்ததும், பிணத்தை இறக்குவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் கூட்டமாக ஓடுகிறார்கள். படத்தில் நெடுநேரமாகச் சாவு இல்லையே என்று தயாரிப்புத் தரப்பு கேட்டதால் எழுதிச் சேர்த்த கொலை அது, விருந்து வீட்டைக் காலி செய்யவும் அதுவே வழியாயிற்று. வசதிக்காக வந்த காட்சிதான். ஆனாலும் துக்கம் வேடிக்கையாகிப்போன ஒரு தலைமுறையை அந்த ஓட்டம் அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

நகரத்து எழுத்தாளர்கள் சிற்றூர்க்காரர்களை மட்டம் தட்டுகிறார்கள் என்ற குறையும் உண்டு. 1999இல் வந்த 'டிராப் டெட் கார்ஜியஸ்' பற்றி இதை அடிக்கடி சொல்வார்கள். மின்னசோட்டாவில் மவுன்ட் ரோஸ் என்ற ஊர், பள்ளி மாணவியருக்கு அழகிப் போட்டி, போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விபத்துகளில் மாட்டுகிறார்கள். எழுதிய லோனா வில்லியம்ஸ் மின்னசோட்டாவின் ரோஸ்மவுன்டில் வளர்ந்தவர், தானும் அப்படிப்பட்ட போட்டிகளில் நின்றவர். உள்ளே இருந்தவருக்கு மட்டும் தெரியும் விஷயங்கள் படம் முழுக்க இருக்கின்றன. நாயகி ஆம்பர் பள்ளி முடிந்ததும் சவ அடக்க நிலையத்தில் இறந்தவர்களுக்கு ஒப்பனை செய்கிறாள், வேலை பார்த்தபடியே மேடைக்கான டாப் நடனத்தையும் பயிற்சி செய்கிறாள். ஊர் தன் பிணங்களுக்கும் தன் பெண்களுக்கும் ஒரே கையால் பவுடர் பூசுகிறது. ஏழைப் பெண்ணின் உழைப்பை இவ்வளவு மரியாதையோடு காட்டும் ஒருவர் ஊரை வெறுப்பவராக இருக்க முடியாது. அவர் கோபம் ஊரின் பணக்கார வீட்டின் மேல், அந்த வீடு சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்டும் நடுவர்கள் மேல்.

நான் இந்தத் தொழிலில் இருந்த காலத்தில் இரங்கல் கூட்டமே இடம் மாறிவிட்டது. 'ஹெதர்ஸ்' திரையரங்கில் பதினொரு லட்சம் டாலர் அளவில்தான் வசூலித்தது, வீடியோ கேசட்டில்தான் அதற்கு ஆயுள் கிடைத்தது. அந்தக் காலத்துக் கதைகளில் துக்கத்துக்கு ஒரு கட்டிடம் இருந்தது: தேவாலயம், பள்ளிக் கூடம், உணவகம். கைபேசி வந்ததும் முதலில் துப்பறிவதுதான் கஷ்டமாகும் என்று எல்லோரும் நினைத்தோம். யார் எங்கே இருந்தார் என்று உடனே தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு என்ன வேலை என்று விவாதங்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். சிக்னல் இல்லாத காடு, சார்ஜ் தீர்ந்த போன் என்று எளிய தந்திரங்களால் அது சரியாகிவிட்டது. நிஜமான மாற்றம் துக்கத்தில் நிகழ்ந்தது. 2017இல் வந்த 'டிராஜடி கேர்ல்ஸ்' படத்தில் இரண்டு பள்ளித் தோழிகள் இணையத்தில் தங்களைப் பின்தொடர்பவர்களைப் பெருக்குவதற்காகவே கொலை செய்கிறார்கள். அவர்களுடைய எரிச்சலெல்லாம், ஊர் அந்தச் சாவுகளை விபத்து என்று சொல்லி அமைதியாகிவிடுகிறதே என்பதுதான். முன்பு கொலையை மறைக்கப் போலித் துக்கம் தேவைப்பட்டது, இப்போது துக்கத்தை உண்டாக்கவே கொலை தேவைப்படுகிறது. இதைச் சரியாகப் பிடித்த படம் அது. ஆனால் அங்கே முன்வரிசையில் அழும் சிறுமிக்கு இணையான ஒருவர் பலமாக எழுதப்படவில்லை, அதனால்தான் இரண்டாம் பாதியில் சாவுகளின் எண்ணிக்கை ஏற ஏற மனம் விலகிப்போகிறது என்பது என் கணிப்பு.

இப்போது எட்டு பகுதி, பத்து பகுதி என்று ஓடிடி தளங்களுக்கு எழுதும்போது, ஒரு அடக்கத்தை வைத்து இவ்வளவு நீளம் ஓட்ட முடியுமா என்று இளைய எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். முடியும் என்பதற்கு ஹாலி ஜாக்சன் 2019இல் எழுதிய 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' நாவலைக் காட்டுவேன், பிபிசி அதை 2024இல் தொடராக்கியது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷையரில் லிட்டில் கில்டன் என்ற கற்பனை ஊர். ஆண்டி பெல் என்ற மாணவி ஐந்து ஆண்டுக்கு முன்பு காணாமல்போனாள், அவளுடைய காதலன் சால் சிங் அவளைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டான் என்று ஊர் தீர்ப்பெழுதி முடித்துவிட்டது. பிப் என்ற மாணவி அதைப் பள்ளி ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டு கிளறுகிறாள். நகைச்சுவை அவளுடைய படிப்பாளித்தனத்தில் இருக்கிறது: கொலையைக் கண்டுபிடிக்கும்போதும் அவளுக்கு மதிப்பெண் அட்டவணை முக்கியம். ஆனால் கதையின் பலம், இரங்கல் மறுக்கப்பட்ட ஒரு வீட்டில் இருக்கிறது. ஆண்டிக்கு ஊர் அழுதது. சாலுக்கு அழ அவன் வீட்டாருக்கு உரிமையில்லை. இந்திய வம்சாவளிக் குடும்பம் அது, அந்த ஊரிலேயே ஒதுக்கப்பட்டு வாழ்கிறார்கள். விமானச் சுழலியில் செத்தவன் மேல் விழுந்த பழியை 1943இல் ஹிட்ச்காக் இரண்டு வசனத்தில் கடந்துபோனார். இந்த நாவல் அந்த மனிதனின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. கொலைகாரன் பிடிபட்ட பிறகும் நாவல் முடிவதில்லை. பிப் தன் ஆய்வை ஊரின் முன்னால் வாசித்துக் காட்டும் கூட்டம் ஒன்று இருக்கிறது, சாலை எப்படி ஓர் அரக்கனாக்கினீர்கள் என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், சாலின் தம்பி ரவியும் அந்த அரங்கில் இருக்கிறான். ஐந்து ஆண்டு தாமதமாக நடக்கும் இரங்கல் கூட்டம்தான் அது. இதைப் போல எழுதப்படும் திரைக்கதைகளில், கொலைகாரன் பிடிபட்டதும் கதை முடிந்தது, மிச்சத்தை ஒரு மாண்டாஜில் போட்டுவிடலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிற இடம் இதுதான். அந்த ஐந்து நிமிடத்தை வெட்டக் கூடாது என்று விவாத அறையில் நான் மல்லுக்கு நிற்கிற இடமும் இதுதான்.